லீசுக்கு வண்டியா, பழைய வண்டியா?

கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே கடை வைத்திருப்பவர்கள் நாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஆனால் சுங்குவார்சத்திரத்து மளிகைக் கடைக்காரர் தமக்கென்று ஒரு வண்டி தேடும்போது அவர் முன் நிற்பது இரண்டு வழிகள். ஒன்று, மாத வாடகை கட்டி லீசுக்கு எடுப்பது. மற்றொன்று, கைமாறிய பழைய வண்டியை வாங்குவது. "முதல் போட வேண்டாம், பழுதுச் செலவு இல்லை, புது வண்டி" என்று லீஸ்காரர்கள் சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கிறது. வணிகர்களாகிய நாம் காதால் கேட்டதைக் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக ஒரு கணக்கு. ஒரு சிறிய காருக்கு மாத லீஸ் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம். லீஸ் வாடகைக்கும் அதே விகிதம்தான். ஆக மாதம் 21,240. மூன்று ஆண்டுக்கு 7,64,640 ரூபாய். முடிவில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டும்.

அதே ஆள் 4,50,000 ரூபாய்க்குப் பழைய கார் வாங்குகிறார். மூன்று ஆண்டில் இன்சூரன்சும் பழுதும் 1,50,000. பிறகு 2,50,000-க்கு விற்கிறார். நிகரச் செலவு 3,50,000. முடங்கிய முதலுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டால் 1,62,000. மொத்தம் 5,12,000. இரண்டரை லட்சம் மிச்சம்.

இதோடு கணக்கு முடியவில்லை. நமக்கு முதல் என்பது பெட்டியில் தூங்கும் பணம் அல்ல. சரக்காகிச் சுற்றும் பணம். அந்த நாலரை லட்சத்தைக் கடையில் போட்டால், எல்லாச் செலவும் போக மாதம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் நிற்குமா? நிற்கும் என்றால் லீசும் பழைய வண்டியும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதற்கு மேல் நிற்பவருக்கு லீசே லாபம். சரக்கு போதாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். சரக்கு நிறைந்து அலமாரியில் தேங்கி நிற்பவருக்கோ பழைய வண்டிதான் லாபம்.

"லீஸ் தொகை முழுவதும் செலவில் எழுதலாம், வரி மிச்சம்" என்பார்கள். முறையாகக் கணக்குப் புத்தகம் வைத்து லாபம் காட்டுபவருக்கு அது பொருந்தும். விற்றுமுதலில் எட்டு அல்லது ஆறு சதவீதத்தை உத்தேச லாபமாகக் காட்டி வருமான வரி கட்டும் சிறு கடைக்காரருக்கு இதில் தனிச் சலுகை ஏதும் இல்லை. லீசும் தேய்மானமும் அந்த உத்தேச லாபத்துக்குள்ளேயே அடக்கம். ஜி.எஸ்.டி.யிலும் அப்படித்தான். நம் சொந்த உபயோகத்துக்கான காருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. வாங்கினாலும் சரி, லீசுக்கு எடுத்தாலும் சரி. சரக்கு வண்டிக்குக் கழிக்கலாம். ஆனால் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது.

இங்கே நம் வணிகர்களில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொந்த உபயோகக் காரின் இன்சூரன்ஸ், வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்குப் பொருந்தாது. கோயம்பேட்டிலிருந்து பின் சீட்டில் பருப்பு மூட்டை ஏற்றி வரும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. லீஸ் வண்டி என்றால் சீட் கிழிந்ததற்கும், ஒப்பந்தக் கிலோமீட்டரைத் தாண்டியதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்கள். சரக்குக்குத்தான் வண்டி என்றால் கார் ஆசையை விட்டுவிட்டு லோடு வண்டியைப் பாருங்கள். 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டியை மக்கள் "குட்டி யானை" என்று அழைப்பது சும்மா இல்லை. வாரத்துக்கு ஓரிரு நடைதான் என்றால் எந்த வண்டியும் வேண்டாம். நடைக் கூலி கொடுத்து வாடகைக்குப் பிடிப்பதே சிக்கனம்.

நம் பகுதிக்கென்றே உள்ள ஓர் ஆபத்தையும் மறக்கக் கூடாது. நம் கல்லாப்பெட்டி ஆலைச் சம்பளத்தை நம்பி இருக்கிறது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் நம் ஊர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. சம்பளம் வராத குடும்பத்தில் முதலில் குறைவது மளிகைச் சீட்டு; ஏறுவது நம் கடன் நோட்டு. அந்த மாதங்களிலும் லீஸ் தவணை நிற்காது. இடையில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் கட்ட வேண்டிவரும். சொந்தப் பழைய வண்டியோ, கஷ்ட காலத்தில் விற்றுக் காசாக்கக் கூடிய பொருள்.

பழைய வண்டி வாங்குவதிலும் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் 35-ம் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். நிலுவை அபராதம், இன்சூரன்ஸ், சரக்கு வண்டியானால் எஃப்.சி. ஆகியவற்றைச் சரிபாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வரக்கூடும். தரை விரிப்பைத் தூக்கியும், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தும் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆலை ஷிப்டுகளுக்கு ஓடிய வண்டி வயதில் இளசாக இருந்தாலும் ஓட்டத்தில் கிழடு. உங்கள் பழைய வண்டியை விற்றாலும் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

மொத்தத்தில் நம் கருத்து இதுதான். கணக்குப் புத்தகம் வைத்து, சரக்கு வேகமாகச் சுற்றும் மொத்த வியாபாரிக்கு லீஸ் பொருந்தலாம். சில்லறை மளிகைக்காரருக்கு நல்ல மெக்கானிக் பார்த்துச் சொன்ன பழைய வண்டியே நல்லது. ஒரே வீதியில் நான்கைந்து கடைக்காரர்கள் செலவைப் பங்கிட்டு ஒரு லோடு வண்டியை வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. இதற்கு வேண்டிய பேச்சுவார்த்தையை நம் கிளைச் சங்கங்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.