இரண்டாந்தாரம் கட்டிய கோயில்

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் அட்டுவம்பட்டிக்கு வண்டி ஏறினால் பாதிக்குமேல் பெண்பிள்ளைகளாகத்தான் இருக்கும். 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மிச்ச இடத்தில் சந்தைக்கு வந்து திரும்பும் ஊர்க்காரர்களும் அவர்களின் காலி சாக்குகளும். போன வாரம் தோழி வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாணவி, மூடுபனி ஜன்னலை மறைத்ததும் கைப்பேசியை எடுத்துக் கதை படிக்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு ஊன்றிப் படித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன கதைம்மா?"

"லவ் ஸ்டோரி மேம். பழைய காலத்துக் கதை. ஹீரோ ஜமீன்தார். ஒய்ஃப் இறந்துட்டாங்க, ரெண்டு குழந்தை. ஹீரோயினுக்கு அப்பா அம்மா இல்ல. கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். வேற வழியில்லாம இவரைக் கட்டிக்கிறா."

"அப்புறம்?"

"மொத அம்பது எபிசோடு அவரு பேசவே மாட்டாரு மேம். செத்துப்போன ஒய்ஃப் போட்டோவையே பாத்துட்டு நிப்பாரு."

ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று வாங்கிப் படித்த தலைமுறை என்னுடையது. எனக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. சும்மா சீண்டிப் பார்த்தேன். "இதையே திருப்பிப் போட்டா? ஹீரோயின் புருஷனை இழந்தவ. ரெண்டு குழந்தை. போட்டோவைப் பாத்துட்டு நிக்கிறா. வேற வழியில்லாத ஒரு பையன் வந்து அவளைக் கட்டிக்கிறான்."

கொஞ்சம் யோசித்தாள். "அது ஃபேமிலி சப்ஜெக்ட் மேம். லவ் ஸ்டோரியா வராது."

அவள் இறங்கிப் போய்விட்டாள். அந்த வாக்கியம் என்னோடு தோழி வீட்டுக்கு வந்து, ராத்திரி கம்பளிக்குள்ளும் படுத்துக்கொண்டது.

எங்கள் வீட்டிலேயே இரண்டு கதையும் உண்டு. ஒரு மாமாவுக்கு மனைவி தவறிப்போய் வருஷத்திவசம் முடிந்த மறுமாதமே பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். "பிள்ளைகளைப் பாத்துக்க ஒருத்தி வேணுமே" என்றார்கள். வந்தவளுக்கு இருபத்தாறு வயது. மூன்று தங்கைகளுக்கு மூத்தவள். இரண்டாந்தாரம் என்றால் நகை கேட்க மாட்டார்கள் என்பதுதான் அவள் கழுத்தை நீட்டியதற்குக் காரணம். கதையில் கடன்காரன் வாசலில் நிற்கிறான். நம் வீடுகளில் பவுன் விலை நிற்கிறது, அவ்வளவே வித்தியாசம். அந்த அத்தையை நான் குறை சொல்லவில்லை. மாமாவையும்தான். பிறகு அவர்களுக்குள் நல்ல பிரியம் வந்தது, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கதை என் பெரியம்மாவுடையது. முப்பத்தொரு வயதில் பெரியப்பாவை இழந்தவர். என் கல்யாணத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வெற்றிலை அடுக்கியது அவர், சீர்த்தட்டில் மஞ்சள் கிழங்கைக் கழுவித் துடைத்து வைத்தது அவர், என் தலையில் கடைசிச் சரம் பூவை ஊசி குத்திச் சரிசெய்ததும் அவர். கெட்டிமேளம் என்றதும் நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா மண்டபத்துச் சமையல்கட்டு வாசலில், கதவுக்குப் பாதி மறைந்து நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் பழக்கி வைத்திருக்கிறோம்.

தமிழில் இந்த இரண்டு இழப்புக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர் தொல்காப்பியர். புறத்திணையியலில் காஞ்சித் திணையைச் சொல்லும் இடத்தில், மனைவியை இழந்தவன் நிலை 'தபுதார நிலை', கணவனை இழந்தவள் நிலை 'தாபத நிலை'. தபுதாரன் என்றால் தாரத்தை இழந்தவன். தாபதம் என்றால் தவ வாழ்வு. அவனுக்கு ஓர் இழப்பு, அவளுக்கு ஒரு விரதம். பெயரிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

புறநானூற்றில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 245-ஆம் பாட்டு, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேர அரசன் பாடியது. மனைவியைச் சிதையில் ஏற்றிவிட்டு வந்து, இத்தனை துக்கம் என் உயிரைக் கொண்டுபோகவில்லையே, நான் இன்னும் இருக்கிறேனே என்று தன்னையே நொந்துகொள்கிறான். ஆண் அழுகைக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அதற்கு அடுத்த எண் 246. பாடியவள் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. நெய் சேராத சோறும் கல் உறுத்தும் படுக்கையுமாகக் காலம் தள்ளுவதைவிடத் தீயே மேல் என்று, தடுக்க வந்த சான்றோர்களைக் கடிந்துவிட்டு நெருப்பை நோக்கிப் போகிறாள். தொகுத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, அடுத்தடுத்த பக்கத்தில் அவன் உயிரோடு இருந்து வருந்துகிறான், அவள் வருந்தக்கூட இருக்கவில்லை.

மறுநாள் வெயில் வந்தது. தோழியை இழுத்துக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனேன். கொடைக்கானலுக்கு வருகிற எல்லோரும் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்ற வரிசையில் இதையும் ஒரு இடமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். சின்னக் கோயில்தான். மேகம் விலகினால் கீழே, வெகு தூரத்தில், பழனி மலைக்கோயில் தெரியும். இப்போது நிர்வாகமும் பழனி தேவஸ்தானம்தான். 1936-இல் இதைக் கட்டியவர் ஒரு 'வெள்ளைக்கார அம்மா' என்று கைடுகள் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் சொல்வதில்லை.

அந்த அம்மா ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். பெயர் ஹாரிசன். ஞானம் தேடிக் கீழ்த்திசைக்கு வந்தவர், கொழும்பில் ஒரு குருவைக் கண்டார். அவர் காவி கட்டிய சாமியார் அல்ல. பொன்னம்பலம் ராமநாதன், இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். 1851-இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், தஞ்சாவூர்க் குரு ஒருவரிடம் உபதேசம் பெற்றவர். பகலில் கோர்ட்டு, மற்ற நேரத்தில் ஞானயோகம். 1898-இல் மத்தேயு எழுதிய நற்செய்திக்கு அவர் சொன்ன விளக்கம் லண்டனில் புத்தகமாக வந்தது. ஒரு சைவர் பைபிளுக்கு எழுதிய உரை! புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஆர். எல். ஹாரிசனுக்கு விளக்கியபடி' என்று இருக்கும். முதலெழுத்துகளை மட்டும் பார்த்தவருக்கு, கேட்டு எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. 1902-இல் யோவான் நற்செய்திக்கான உரை, பதிப்பித்தவர் அதே ஹாரிசன். 1905–06-இல் ராமநாதன் அமெரிக்கா போய்ச் சொற்பொழிவாற்றினார். அந்தப் பயணத்தைக் கிழக்கத்திய மாணவர்களுக்காக 1907-இல் நூலாக எழுதியவரும் ஹாரிசனே.

ராமநாதனின் முதல் மனைவி செல்லாச்சி அம்மாள் மறைந்த பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் ஹாரிசனை மணந்தார். ஹாரிசன் லீலாவதி ஆனார், கணவருக்கு சர் பட்டம் வந்ததும் லேடி ராமநாதன் ஆனார். ஒரு மகள் பிறந்தாள்.

பேருந்துப் பெண் இதைக் கேட்டிருந்தால் "காதல் எங்க மேம்?" என்றிருப்பாள். இதோ இருக்கிறது: ஒருவர் பேசப் பேச இன்னொருவர் எழுதிக்கொண்ட அந்தப் பக்கங்கள். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், ஒருவர் பேச்சை வருஷக்கணக்கில் காது கொடுத்துக் கேட்பது எவ்வளவு பெரிய பிரியம் என்று. தவிப்பும் லீலாவதியிடம் இருந்தது. ஆனால் அது கூரைக்கும் கூழுக்குமான தவிப்பு இல்லை, உயிருக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்ற தவிப்பு. அதை ராமநாதன் தீர்த்தார். அவர் மனதில் இருந்ததை அவள் நூலாக்கினாள். கொடுக்கல் வாங்கலில் யாரும் கடன்பட்டவர் இல்லை.

1913-இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கம் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று ராமநாதன் கல்லூரி எழுந்தது. அதன் தொடக்க காலத் தலைவியாக இருந்தவர் புளோரன்ஸ் ஃபார். லண்டன் நாடக மேடையின் நடிகை, கவிஞர் யேட்ஸின் தோழி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1912-இல் இலங்கைக்குக் கப்பல் ஏறி, 1917-இல் கொழும்பில் இறந்தவர். லீலாவதியும் அந்தக் கல்லூரிக்கே தன் வாழ்வைக் கொடுத்தார்.

ராமநாதனை வெறும் கதாநாயகனாக்கி மாலை போட எனக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய அதே மனிதர், இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்துக்காக வந்த டொனமூர் ஆணையம் பெண்களுக்கும் எளிய சாதியினருக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஓட்டு என்றபோது கடுமையாக எதிர்த்தார். லண்டன் வரை போய் வாதாடினார். 1930 நவம்பரில் காலமானார். 1931-இல் இலங்கைப் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். அவரைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

காதல் கதைகள் திருமணத்தோடு முடியும். லீலாவதி கதையில் எனக்கு முக்கியமான பக்கம் 1930-க்குப் பிறகு வருகிறது. இப்போது இழந்தவர் அவர். தாபத நிலை அவருக்கு. அவர் கோயில் கட்டிய சென்னை மாகாணத்தில் கைம்பெண்கள் என்ன கதியில் இருந்தார்கள் என்பதற்குச் சகோதரி சுப்புலட்சுமி சாட்சி. குழந்தை விதவையாகி, ராமநாதன் படித்த அதே மாநிலக் கல்லூரியில் 1911-இல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் கைம்பெண்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பின்னாளில் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அது நடந்தது. ஊருக்குள் இருந்தால் 'எதிரே வந்துவிடுவார்கள்' என்ற முணுமுணுப்பு, கடலுக்கு எதிரே இருந்தால் இல்லை. அலை யாருக்கும் சகுனம் பார்ப்பதில்லை.

அந்தக் காலத்தில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இலங்கையில் கைம்பெண்ணான ஒருவர் இந்த மலைக்கு வருகிறார். தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் ரயில் என்பது அன்றைய வழி. கொடைக்கானலே துக்கத்தில் பிறந்த ஊர்தான். மதுரைச் சமவெளியில் நோய்க்கு மனைவி மக்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே வீடு கட்டியதில் தொடங்கிய ஊர். அவர்கள் பிழைப்பதற்காக ஏறிவந்தார்கள். லீலாவதி ஒரு சாமியை நிறுத்தினார். அதுவும் யாரை? குறவர் குடிப் பெண் வள்ளியை, சாதி பார்க்காமல், இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்ட முருகனை! இரண்டாந்தாரமாக வந்த ஒரு பெண்ணுக்கு இந்த மலையில் இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடைத்திருக்குமா?

குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. கடைசியாக 2018. கோயில் படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். 2006, 1994, 1982… 1934. கோயில் எழுவதற்கு இரண்டு வருஷம் முன்பு இந்தச் சரிவுகள் நீலமாக இருந்திருக்கும். இன்னும் பின்னால் போனால் 1898. ஹாரிசன் பெயர் தாங்கிய அந்த முதல் புத்தகம் வந்த வருஷம். தற்செயல்தான். இருந்தாலும் இரண்டு பூப்புக்கும் நடுவே ஒரு முழு வாழ்க்கை கிடந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். தேனிலவுக்கு வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. தாலிச்சரட்டில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை, அவள் போட்டிருந்த புது ஸ்வெட்டரின் கழுத்திலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இருவரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள். ஐயர் கொடுத்த குங்குமத்தை அவன் அவள் வகிட்டில் வைத்தான்.

கைம்பெண் கட்டிய கோயிலில் நின்று தீர்க்க சுமங்கலி வரம் கேட்கிறோம். சாமிக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததாகத் தகவல் இல்லை. தொண்ணூறு வருஷமாக மறுக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் வருகிற தையில் ஒரு கல்யாணம். பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முட்டி வலி. அன்றைக்கு அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, முதல் அட்சதையை அவர் கையால் போடச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கட்டும். உங்கள் வீட்டுச் சமையல்கட்டு வாசலிலும் ஒரு பெரியம்மா நிற்பார், அல்லது ஒரு சித்தி, ஒரு அத்தை. அடுத்த முகூர்த்தத்தில் நாதஸ்வரம் தொடங்குவதற்கு முன் எழுந்து போய், கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வாருங்கள்.