ஆர்.சி. இல்லாத வண்டியை வாங்காதீர்கள்

குடியிருப்போர் நலச்சங்கத்தின் சார்பில் நாங்கள் விடுக்கும் வேண்டுகோள் இது. வண்டித் திருட்டு என்றாலே நம் பேச்சு பூட்டில் ஆரம்பித்துக் கேமராவில் முடிந்துவிடுகிறது. ஸ்டியரிங் பூட்டு, ஜி.பி.எஸ்., வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துவது எல்லாம் அவசியம்தான். செய்யாதவர்கள் இன்றே செய்யுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகும் பழக்கம் காப்பீட்டுப் பணத்துக்கும் உலை வைத்துவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், வண்டி களவுபோனதற்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. ஆனால் எந்தப் பூட்டும் திருடனைச் சற்று நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். எடுத்த வண்டியை யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்ற தைரியத்தில்தான் அவன் தெருவுக்குள் நுழைகிறான். அந்தத் தைரியத்தைக் கொடுப்பவர்களில் நம்மில் சிலரும் இருக்கிறோம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் சோத்திகஞ்ச் என்றொரு சந்தை இருந்தது. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் களவுபோன கார்கள் பல ஆண்டுகளாக அங்கே வந்து சேர்ந்தன. என்ஜின், கியர்பாக்ஸ், கதவு, விளக்கு என்று பிரிக்கப்பட்டுக் கடைக்குக் கடை விற்பனையாயின. கார் உரிமையாளர்கள் எத்தனை பூட்டு போட்டும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. 2021 டிசம்பரில் காவல்துறை கடைகளையே மூட வைத்த பிறகுதான் நின்றது. அங்கே பொருள் வாங்கியவர்கள் எல்லாரும் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் அல்லர். கம்பெனி விலையில் பாதிக்குக் கிடைக்கிறதே என்று வந்த சாதாரண வண்டிக்காரர்களும் மெக்கானிக்குகளும்தான் அந்தச் சந்தையை வாழ வைத்தார்கள். சந்தை என்ற பெயர்ப் பலகை இல்லாமலே இது எந்த ஊரிலும் நடக்கலாம். "வண்டியை இப்ப எடுத்துக்கோங்க, பேப்பர் அடுத்த வாரம் தர்றேன்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்டினால் போதும்.

ஆகவே, பழைய வண்டி வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் ஆர்.சி.யைக் கையில் வாங்கிப் பாருங்கள். நம்பர் பிளேட்டை மட்டும் நம்பாதீர்கள். வேறொரு வண்டியின் எண்ணை அதில் எழுதிவிட முடியும். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் சேஸிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே தாளில் பதியும். எழுத்துகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, அரம் போட்ட கோடுகள் தெரிகின்றனவா, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறதா என்று பார்த்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வண்டி களவுபோனதாகப் பதிவாகியிருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் இணையத்திலேயே பார்க்கலாம். உதிரி பாகம் வாங்கினால் பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இதெல்லாம் போலீஸ் வேலை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. திருடனைப் பிடிப்பது அவர்கள் வேலைதான். ஆனால் தெரிந்தவர் மூலமாக வீட்டு வாசலில் முடியும் பேரத்தில் போலீஸ் இருப்பதில்லை, நாம்தான் இருக்கிறோம். இதைவிட நியாயமான கேள்வி ஒன்றும் உண்டு: கூலி வேலைக்குப் போகிறவர் மலிவாகக் கிடைக்கும் வண்டியை விட்டுவிட முடியுமா? அவரை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். திருடனுக்கு இல்லாத உரிமையை அவனால் பிறருக்கு விற்க முடியாது. வண்டி பிடிபட்டால் பறிமுதலாகும். சேர்த்து வைத்துக் கொடுத்த பணம் திரும்பாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், நேர்மையின்றி வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பாதி விலை, பேப்பர் இல்லை, அவசர விற்பனை என்று மூன்றும் சேர்ந்து வந்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்ற பதில் எளிதில் எடுபடாது.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாற்றாமல் கைமாறிக்கொண்டே போகும் வண்டிகள் பெருகப் பெருக, திருட்டு வண்டியும் அவற்றோடு சேர்ந்து ஓட இடம் கிடைக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றப் படிவங்களை நிரப்பவோ, இணையத்தில் வண்டி விவரம் பார்க்கவோ தெரியாதவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலுடன் சங்கத்துக்கு வாருங்கள். உடன் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். கட்டணம் எதுவும் இல்லை.