கௌரவமாம், கௌரவம்!

தோழனே!

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்திருப்பாய். கடல் கடந்து ஆண்டுதோறும் பறவைகள் அங்கே வந்து இறங்குகின்றன. எந்த நாட்டுப் பறவை, எந்தக் கூட்டுப் பறவை என்று எவரும் கேட்பதில்லை. இணையோடு இரை தேடிப் பருவம் முடிந்ததும் பறந்து போகின்றன. அதே பள்ளிக்கரணையில் 2024 பிப்ரவரி 24 இரவு, சாதி கடந்து மணமுடித்துச் சில திங்களே ஆன ஓர் இளைஞன் வெட்டிச் சாய்க்கப்பட்டான். தாழ்த்தப்பட்டோர் குடியில் பிறந்தது அவன் செய்த குற்றம்! கைதானவர்களுள் ஒருவன் யார் தெரியுமா? வழிப்பறிக்காரனல்ல, வெளியூர்ப் பகைவனல்ல. அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவன்! மற்றவர்கள் அவன் கூட்டாளிகள். இரண்டு திங்கள் கழியவில்லை. அந்தப் பெண்ணும் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

இதற்குப் பெயர் கௌரவக் கொலையாம்! கொலையில் எங்கே ஐயா கௌரவம்? ஆணவக் கொலை என்று சொல். அதையும் சொல்லக் கூசுவோர், "குடும்பத் தகராறு" என்று கோப்பை மூடுகிறார்கள். ஆள் சேர்ப்பது, வேவு பார்ப்பது, வண்டி அமர்த்துவது, அரிவாள் வாங்குவது, நாள் குறிப்பது... இத்தனையும் குடும்பத் தகராறா? கொள்ளைக் கூட்டம் செய்தால் சதி. கூடத்தில் அமர்ந்து உறவினர் செய்தால் தகராறா? நாடகம் எழுதுகிறவன் நான். மேடையில் வில்லனுக்கு முறுக்கு மீசை வைப்போம், உருட்டு விழி வைப்போம். வாழ்க்கையிலோ அவன் வெள்ளை வேட்டியோடு, தாம்பூலத் தட்டோடு வாயிலில் நின்று வரவேற்கிறான்!

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, கூலிக்குக் கொலை செய்வதை அமைப்புரீதியான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் நுணுகிப் பார். பத்தாண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைக்கு ஆளான கும்பலுக்கு விரித்த வலை அது. சாதிக்காகக் கூடும் வீட்டுக் கும்பலுக்கு அதுவே முதற்கொலை. வலையின் கண் வழியே நழுவிவிடும்.

உடுமலைப்பேட்டையை மறந்திருக்கமாட்டாய். 2016 மார்ச் 13, பட்டப்பகல். சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். குருதி வெள்ளத்திலிருந்து மீண்டார் கௌசல்யா. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் ஐவரின் தூக்கை ஆயுள் சிறையாக்கிற்று; சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்தது. தீர்ப்பைப் பழிக்க வரவில்லை நான். அறைக்குள் பேசிய பேச்சுக்குச் சாட்சி தேடி அலைகிற சட்டம் போதாது என்கிறேன். மணவுரிமையைக் குலைக்கக் கூடுவதையே குற்றமாக்கும் முன்வரைவை மத்தியச் சட்ட ஆணையம் 2012இல் வரைந்து தந்ததே, அது எந்தப் பரணில் கிடக்கிறது?

மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. மிரட்டப்படும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2018இல் சொல்லிற்று. தாம்பரத்திற்கெனத் தனிக் காவல் ஆணையரகமே 2022 முதல் இருக்கிறது. அந்தத் தனிப்பிரிவின் கதவு எந்தத் தெருவில் என்று குரோம்பேட்டையில், மேடவாக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கேட்டுப் பார்! நெல்லையில் 2025 ஜூலையில் இன்னொரு இளைஞன் வீழ்ந்த பிறகே, தனிச் சட்டத்திற்குப் பரிந்துரை செய்ய நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. கோட்டையில் எவர் அமர்ந்தாலும் சட்டத்தைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.

சங்கத் தமிழன் இதற்கு உடன்போக்கு என்று பெயரிட்டுத் திணை வகுத்தான். மகளைத் தேடிப் பாலை வழி நடந்த செவிலித்தாயை, அறம் இதுவே என்று தேற்றித் திருப்பி அனுப்பிய பெரியோரைக் கலித்தொகை காட்டுகிறது. அந்தப் பெரியோர் இன்று எங்கே?

நம்மிடமும் குறையுண்டு, தோழனே. மறைக்கமாட்டேன். 1967இல் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய மண் இது. ஆனால் மேடையில் மாலை எடுத்துக் கொடுத்த கை, மறுநாள் பெண்ணின் தகப்பன் வந்து "நம்ம ஆளுங்க" என்றதும், பெண்ணை அனுப்பிவைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திற்குத் தொலைபேசியை எடுக்கிறதே! அந்தக் கையில் கொடி எதற்கு?

இன்றிரவு தாம்பரம் இரயில் நிலையத்தில், கைப்பையோடு அஞ்சி நிற்கும் இருவரை நீ காணலாம். காவல் நிலையத்திற்கு உடன் செல். வயதுச் சான்றை மேசைமேல் வை. மனு ஏற்புச் சான்று கைக்கு வரும்வரை எழுந்திராதே. "பெற்றோரை அழைத்துப் பேசுவோம்" என்றால், வேண்டாம் என்று அந்தப் பெண்ணே எழுதிக் கையொப்பமிடட்டும். உனக்கேன் இந்த வம்பு என்று வட்டச் செயலாளர் கேட்டால், என் பெயரைச் சொல்.