கோல்ஃப் நமக்கு எதற்கு?

கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மாணவியர் சிரித்துவிடுவர். பணக்காரர்கள் பச்சைப் புல்வெளியில் வெள்ளைப் பந்தைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள் என்பதே நாம் சினிமாவில் கண்டது. கொடைக்கானல் மலையில் 1895-ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அங்கே குளிரும் மழையும் உண்டு. நம் திருத்தங்கல் கரிசலில் குடிதண்ணீரையே எண்ணி எண்ணிச் செலவிடுகிறோம். புல்லுக்கு ஊற்ற எங்கே போவது? ஆகவே இங்கு ஒரு திடல் வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. அவ்விளையாட்டைச் சிறுவர்க்குப் பழக்கும் முறையைத்தான் நாம் கடன் வாங்க வேண்டும் என்கிறேன்.

ஆட்டம் ஒன்றும் புதிரல்ல. கோலிக்குண்டைக் குழியில் தள்ளவும், கிட்டிப்புள்ளை வீசி அடிக்கவும் தெரிந்தவளுக்குப் பாதி கோல்ஃப் தெரியும்! 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிகள் பதினெட்டு. குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர்.

நல்ல பயிற்சியாளர் பலர் குழந்தையை முதலில் குழிக்கு இரண்டடி அருகே நிறுத்துகிறார்கள். தட்டினால் பந்து விழும். விழும் ஓசை காதில் கேட்கும். "இன்னொரு முறை" என்று அவளே கேட்பாள். பிறகு நான்கடி, பத்தடி. ஓங்கி அடிக்கும் வித்தை கடைசியில்தான். மட்டையும் அவள் உயரத்துக்கும் வலுவுக்கும் ஏற்றதாக இருக்கும். அப்பாவின் மட்டையை அறுத்துக் கொடுத்தால் போதாது, எடையும் குறைய வேண்டும்.

இங்கே பல பள்ளிகளில் நடப்பது என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் பெரிய கூடைப்பந்தைக் கொடுத்து, பத்தடி உயர வளையத்தைக் காட்டுகிறோம். மூன்று முறை எறிவாள், ஒன்றும் எட்டாது. நான்காம் நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். எழுத்தறியாத பிள்ளைக்கு முதல் நாளே கட்டுரை எழுதக் கொடுப்போமா?

கோல்ஃபில் நான் மிகவும் மெச்சுவது அடிச் சலுகை. 72 அடிகளில் முடிக்க வேண்டிய திடலில், வழக்கமாகத் தொண்ணூறு எடுப்பவளுக்கு ஏறக்குறைய பதினெட்டு அடிகள் கழித்துவிடுவார்கள். அவள் ஒருநாள் 88 அடிகளில் முடித்தால், சலுகையே இல்லாமல் 72 அடித்த கெட்டிக்காரியையும் வென்றுவிடுவாள். தேறத் தேறச் சலுகை குறையும். புதியவளும் பழகியவளும் சமமாக ஆடலாம். நம் விளையாட்டு விழாக்களிலோ ஆண்டுதோறும் அதே நான்கு பேர் மேடையேறுகிறார்கள். அவர்கள் உழைத்துப் பெற்றது, அதில் குறையில்லை. ஆனால் மீதிப் பேருக்குக் கைதட்டுவது ஒன்றுதான் விளையாட்டா?

பெங்களூரின் அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டையைத் தொட்டவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது வயது பதினெட்டு. அங்கே அவருடைய மட்டைப் பையைச் சுமந்து நடந்தவர் தந்தை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுமந்தவர் தாய். உலக வரிசையில் இருநூறாவது இடத்திலிருந்த அதிதி, அங்கு ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தார். 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ஏழு அடிகள் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, அன்று சறுக்கி, வெள்ளியோடு திரும்பினார். அடுத்த ஆண்டு பாரிஸில் மீண்டும் ஆடினார். தோற்ற மறுநாளும் திடலுக்குப் போக மனம் வர வேண்டுமானால், முதலில் அந்த ஆட்டம் பிடித்திருக்க வேண்டும் அல்லவா?

பெற்றோர் எல்லாரும் பை சுமக்க வர இயலாது. தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் போய் மாலையில் களைத்து வருபவர்களிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு இனி என்ன ஆட்டம்?" என்று சொல்லாதிருந்தாலே பெரிய உதவி. பள்ளிகளும், பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குத் தாரை வார்க்காமல் இருக்கலாம்.

அடுத்த விளையாட்டு விழாவில் ஒரு கோப்பையை மட்டும் வேறு விதமாகக் கொடுத்துப் பார்ப்போம். ஜூன் மாதம் ஒவ்வொருத்தியும் ஓடிய நேரத்தையும் தாண்டிய தூரத்தையும் குறித்து வைத்து, விழா நாளில் தன் பழைய அளவைவிட மிகுதியாக முன்னேறியவளுக்கு அதை வழங்கலாம். இதற்குப் புல்வெளி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் அளவு நாடாவும், நிறுத்துக் கடிகாரமும் போதும். அவை மூன்றும் விளையாட்டு ஆசிரியையின் அலமாரியிலேயே இருக்கின்றன.