விஞ்ஞானம் வீடு வந்து சேரட்டும்

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது என்று பெருமை பேசுகிறோம். ஆனால், வளர்ந்த விஞ்ஞானம் யார் யார் வீட்டுக்குச் சென்று சேர்ந்தது என்று நாம் கேட்பதுண்டா?

பூமி சூடேறி வருகிறது என்னும் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 1856ஆம் ஆண்டிலேயே யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த உருளையே மிகுதியாகச் சூடேறியது. ஆறுவதற்கும் நெடுநேரம் பிடித்தது. காற்றில் இவ்வாயு மிகுந்தால் பூமியும் சூடாகும் என்று அவர் எழுதி வைத்தார். அந்த ஆய்வு பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. இன்றும் நம் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டால், எத்தனை பேர் இதனை விளக்கிச் சொல்வர்?

"பாமர மக்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று சிலர் கூறுவர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலுக்குச் செல்லும் மீனவருக்கு விளங்காதா? மேகம் பார்த்து விதைக்கும் உழவருக்கு விளங்காதா? துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்று கேட்டதுமே கரையோர மக்கள் ஆபத்தின் அளவை உணர்ந்துவிடுகின்றனர். ஆகவே, குறை சொல்லும் முறையில்தான் உள்ளது.

சொல்ல வேண்டியது சேராவிட்டால் என்ன ஆகும்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் வீசியபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தந்தையரையும் மைந்தரையும் இழந்தன. உரிய நேரத்தில் உரியவர் காதில் விழாத எச்சரிக்கை இருந்தும் இல்லாததே.

இரண்டு நாளில் வரும் புயலுக்கே இவ்வாறெனில், பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல வரும் மாற்றத்தை எவ்வாறு உணர்த்துவது? பூமியின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரி செல்சியசுக்கு மேல் உயரலாகாது என்கின்றனர் விஞ்ஞானிகள். காலைக்கும் நண்பகலுக்கும் பத்து டிகிரி வேறுபடும் நம் ஊரில், ஒன்றரை டிகிரி என்ன பெரிது என்று கேட்போர் உண்டு. அவர்களிடம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் காட்டுவோம். ஒன்றரை டிகிரி செல்சியஸ் என்பது ஃபாரன்ஹீட் கணக்கில் 2.7 டிகிரி. குழந்தையின் உடல் சூடு 98.4இலிருந்து 101க்கு ஏறினால், சிறிய உயர்வுதானே என்று எந்தத் தாயாவது உறங்கச் செல்வாளா?

2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி மிகுந்திருந்தது. அதேவேளையில், ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கட்டலாகாது, பல ஆண்டுச் சராசரியே அளவுகோல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிகைப்படுத்திச் சொன்னால் ஒருநாள் நம்பிக்கை போய்விடும். உலகம் அழியப் போகிறது என்று அச்சுறுத்தினாலோ, இனி என்ன செய்து என்ன பயன் என்று மக்கள் கைகட்டி அமர்ந்துவிடுவர்.

நன்கு சொன்னால் பயன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. தென்துருவத்துக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துவிட்டதை 1985இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் வெளியிட்டனர். 'ஓசோன் ஓட்டை' என்னும் சொல் உலகெங்கும் பரவியது. கூரையில் ஓட்டை விழுந்தால் அடைக்க வேண்டும் என்பதை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை அன்றோ! 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட தீய வாயுக்கள் படிப்படியாக ஒதுக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றுப் பொருள்கள் கிடைத்ததும் பேருதவியாயிற்று. இன்று அப்படலம் மெல்லத் தேறி வருகிறது.

தோழியரே, வகுப்பில் கற்பதை வீட்டில் தாய்மொழியில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. பத்து சென்டிமீட்டர் மழை என்று வானொலி சொன்னால், நம் மாடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 லிட்டர் நீர் விழும் என்று அம்மாவிடம் சொல்வோம். அந்நாளில் எந்த மாதம் ஏரி நிறைந்தது, எந்தக் கிணறு வற்றியது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்போம். நம் பள்ளி வாயிலில் உள்ள கரும்பலகையில், நாள்தோறும் எழுதும் நற்சிந்தனைக்கு அருகே அன்றைய வெப்பத்தையும் மழையளவையும் எழுதலாமே! அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் படிப்பர். அதனை ஒரு ஏட்டிலும் குறித்து வந்தால், பத்தாண்டு கழித்து இங்கு வரும் தங்கையர் நம் ஊரின் மாற்றத்தை நம் ஊர்க் கணக்கிலேயே காண்பர். வரும் ஜூன் மாதமே தொடங்குவோம்.