அந்த 102 பேர்



ஜூலை பிறந்தால் ஸ்டேன் சுவாமியின் பெயர் எப்படியும் பேச்சில் வந்துவிடுகிறது. கூடவே அந்த உறிஞ்சு குவளையும். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் 83 வயதுப் பாதிரியார், டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்று ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு 2020 நவம்பரில் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அதற்குப் பதில் சொல்ல, அவரைக் கைது செய்திருந்த தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. கடைசியில், அப்படி எதையும் அவரிடமிருந்து நாங்கள் எடுக்கவே இல்லை என்றது. பல ஊர்களிலிருந்தும் மக்கள் மும்பைக்கு அருகிலுள்ள தலோஜா சிறைக்குச் சிப்பர் வாங்கி அனுப்பினார்கள்.

அந்தச் செய்தி நம்மை உலுக்கியதில் தவறில்லை. ஆனாலும் எனக்கொரு மனக்குறை உண்டு. குவளை நினைவிருக்கும் அளவுக்கு அவர் செய்த வேலை நமக்கு நினைவில்லை. பாவம், வயசான மனுஷன் என்று உச்சுக்கொட்டியதோடு நம் பங்கு முடிந்துவிட்டது.

லால்குடிப் பக்கம் விரகாலூரில் பிறந்தவர் அவர். சேசு சபையில் சேர்ந்து, பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடம் போய்ச் சேர்ந்தார். மண்ணுக்குக் கீழே நிலக்கரியும் இரும்பும் கிடக்கும் பூமி அது. நிலத்தைக் கொடுக்க மறுக்கும் இளைஞர்கள் மாவோயிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு உள்ளே போவதைப் பார்த்தவர், கோஷம் போடுவதோடு நிற்கவில்லை, கணக்கெடுத்தார். அவரும் நண்பர்களும் 102 விசாரணைக் கைதிகளைப் பற்றித் தகவல் திரட்டி 2016-இல் அறிக்கையாக வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலோர் மாதம் 5,000 ரூபாய்கூட வருமானம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள். மாவோயிஸ்டுகளோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றே அவர்கள் சொன்னார்கள். பிறகு சுவாமி ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். சொந்தப் பிணையில் இவர்களை விடுங்கள், வழக்கை விரைந்து நடத்துங்கள், இத்தனை பேர் ஏன் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆராய ஒரு ஆணையம் அமையுங்கள் என்பவை அவருடைய கோரிக்கைகள்.

விசாரணைக் கைதிகளுக்காக வழக்காடியவரை 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்து விசாரணைக் கைதியாக்கினார்கள். 2018-இல் புனே அருகே பீமா கோரேகானில் நடந்த வன்முறையையொட்டிய வழக்கு அது. அந்த ஊருக்கு நான் போனதே இல்லை என்று அவர் சொன்னார். கைதான 16 பேரில் அவரே கடைசி.

அவர்மீது பாய்ந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின், அதாவது ஊபாவின், ஜாமீன் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். போலீஸ் தரப்புக் காகிதங்கள் மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீன் இல்லை. ஜாமீன் கட்டத்தில் ஆதாரங்களைத் துருவி ஆராயக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் காகிதங்கள் பொய் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் விசாரணை தொடங்க வேண்டும். விசாரணையோ தொடங்குவதாக இல்லை. அவருடைய கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்செனல் 2022 டிசம்பரில் சொன்னது. அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

சிறையிலிருந்து நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் தன் நோயைப் பற்றி அவர் அதிகம் புலம்பவில்லை. அதே வழக்கில் கைதான அருண் ஃபெரைரா சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வஸும் அப்படிக் கைதானவர்தான், குளிக்க உதவுகிறார் என்று எழுதினார். துணி துவைத்துத் தந்து, மூட்டு வலிக்கு நீவிவிடும் அறைத்தோழர் இருவரும் பரம ஏழைகள், அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். தன்மீது என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல், குற்றப்பத்திரிகையைக் கண்ணால் பார்க்காமல், ஆண்டுக்கணக்கில் கிடப்பவர்களைப் பற்றி இன்னொரு கடிதம். உள்ளே போயும் மனுஷன் கணக்கெடுப்பதை விடவில்லை.

2021 ஜூலை 5 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவர் தெரிவித்தார். இதே ஊபாவில் சிக்கி, பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு நிரபராதி என்று தீர்ப்பு வாங்கி 2024 மார்ச்சில் வெளியே வந்த பேராசிரியர் சாய்பாபாவுக்கு அதன்பின் வாழக் கிடைத்தது ஏழு மாதம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராதவர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ உறவிலோ வழக்கு நடக்காமலே உள்ளே கிடப்பவர் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஆண்டு கைதானார், இதுவரை எத்தனை வாய்தா, வக்கீல் வைத்திருக்கிறார்களா, ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் இருக்கிறாரா என்ற விவரங்கள் போதும். பெயர் வேண்டாம். அவர் முதியவராகவோ நோயாளியாகவோ படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. வரும் இதழ்களில் இதற்கென இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்