பாலையின் பசுமையும் அதன் விலையும்

பாலைவனம் என்றதும் பயனற்ற மணல்வெளியே பலரது நினைவுக்கு வருகின்றது. ஆயினும் மழை அருகிய அந்நிலத்துக்கும் உரிய தாவரங்களும் உயிரினங்களும், அவற்றைத் தாங்கும் நீர்ச் சமநிலையும் உண்டு. அச்சமநிலையை மனிதன் குலைத்தால் நேர்வது யாது என்பதற்குச் சவூதி அரேபியாவின் கோதுமைத் திட்டம் தக்க சான்றாகும்.

உணவுக்காகப் பிறநாடுகளில் தங்கியிருக்கலாகாது என்ற நோக்குடன் 1970களின் இறுதியில் அந்நாடு கோதுமைச் செய்கையை ஊக்குவிக்கத் தொடங்கியது. உலகச் சந்தை விலையிலும் பன்மடங்கு கூடுதலாக வழங்கி அரசாங்கமே விளைச்சலைக் கொள்வனவு செய்தது. 1992இல் உற்பத்தி ஏறத்தாழ 40 இலட்சம் தொன்னை எட்டியது. உள்நாட்டுத் தேவை போக எஞ்சியது ஏற்றுமதியாயிற்று.

ஆனால், அப்பயிருக்குப் பாய்ச்சப்பட்ட நீர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மழை மிகுந்திருந்த காலத்தில் பாறைப் படைகளினுள் ஊறித் தேங்கியதாகும். இன்றைய சொற்ப மழை அதனை ஈடுசெய்யாது. நீர்மட்டம் தாழத் தாழக் கிணறுகள் மேலும் ஆழமாக்கப்பட்டன. அல் அஃப்லாஜ் பிரதேசத்தின் லைலா ஏரிகள் கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் வற்றிப்போயின. ஈற்றில், 2008இல் கொள்வனவைப் படிப்படியாகக் குறைக்கத் தீர்மானித்த அரசாங்கம் 2016இல் அதனை நிறுத்தியது. பின்னர் வரையறைகளுடனேயே கோதுமைச் செய்கைக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. கோதுமையைக் கைவிட்ட விவசாயிகள் பலர், அதனினும் கூடுதலான நீரை வேண்டும் அல்ஃபால்ஃபா எனும் கால்நடைத் தீவனப் பயிருக்கு மாறினர். அதற்கும் கட்டுப்பாடு வந்தது. சவூதியின் பாரிய பாற்பண்ணை நிறுவனமான அல்மராய், 2014இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நிலம் வாங்கி, தீவனம் பயிரிட்டுத் தாயகத்துக்கு அனுப்பியது. அரிசோனாவும் பாலைநிலமே. அங்குள்ள கிராமப்புறங்களில் நிலத்தடி நீரை இறைப்பதற்குப் பெரும்பாலும் எல்லை விதிக்கப்பட்டிருக்கவில்லை. தமது கிணறுகள் வற்றுவதாக அயலவர்கள் முறையிட்டனர். 2023இல் அம்மாநில ஆளுநர், அந்நிறுவனத்தின் துணை நிறுவனத்துக்கு வழங்கப்பட்டிருந்த அரச நிலக் குத்தகை ஒன்றை இரத்துச் செய்து, ஏனையவை புதுப்பிக்கப்படமாட்டா என அறிவித்தார்.

தவறு ஒரு நாட்டினது மட்டுமன்று. நீரை விலையற்ற பொருளாகக் கருதி வாங்கியவருக்கும், வரம்பின்றி இறைக்க இடமளித்தவருக்கும் அதில் பங்குண்டு. உணவில் தன்னிறைவு காண விழைவது குற்றமாகாது. ஆனால் மீளாத நீரைக் கொண்டு எட்டப்படுவது தன்னிறைவன்று; அது வருங்காலச் சந்ததியிடம் பெறும் கடனாகும். பணம் படைத்தோர் ஒரு பாலை வற்றியதும் மறு பாலையை நாடலாம். கிணறு வற்றிய கிராமத்தவர் எங்கே செல்வர்?